நள்ளிரவுத் தலைவலிக்கு ஆக்சிஜனா, ஊசியா?

தக்கலையில் இருக்கும் என் அண்ணனுக்கு கிளஸ்டர் தலைவலி, அதாவது ஒரு பக்கத்துக் கண்ணைச் சுற்றி விட்டுவிட்டு வரும் கடும் வலி. இரவு இரண்டு மணிக்கு வலக்கண் சிவந்து நீர் கொட்டும், அந்தப் பக்கத்து மூக்கு அடைத்துக்கொள்ளும். ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டறையில் சுருண்டு கிடப்பார்; இவரோ முற்றத்தில் நடந்துகொண்டே இருப்பார். 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை நீளும். மாத்திரை வேலை செய்வதற்குள் வலி தன் ஆட்டத்தை முடித்துவிடும்.

ஆகவே மருத்துவர் சொன்னவை இரண்டு: ஊசி, ஆக்சிஜன். சுமாட்ரிப்டான் 6 மில்லிகிராம் ஊசி, தோலுக்கடியில்: பெரும்பாலும் 15 நிமிடங்களில் வலி தணிகிறது. பையில் போட்டுக்கொள்ளலாம், குளச்சலில் கடலுக்குப் போகிறவருக்கு இதுதான் தோது. ஆனால் 24 மணி நேரத்தில் இரண்டுக்கு மேல் கூடாது. இதய நோயாளிகளுக்கு அறவே ஆகாது.

ஆக்சிஜனில் இத்தனை தடவைதான் என்ற கணக்கு இல்லை. ஒரே இரவில் மூன்று முறை வந்தாலும் எடுக்கலாம். நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் மட்டும் மருத்துவரைக் கேட்க வேண்டும். மூக்குக் குழாயில் லேசாக விட்டால் பயனில்லை. பை வைத்த முகமூடியில், நிமிடத்துக்கு 12 முதல் 15 லிட்டர், நிமிர்ந்து உட்கார்ந்து 15 நிமிடம். கொரோனா காலத்தில் வாங்கிய, நிமிடத்துக்கு 5 லிட்டர் ஆக்சிஜன் தரும் கருவியை மாட்டிப் பார்த்தோம், வலி அசையவில்லை. 1,500 லிட்டர் சிலிண்டர் ஏழெட்டுத் தடவைக்கு வரும். பிறகு நிரப்புவதற்கு அதை ஆட்டோவில் ஏற்றி நாகர்கோவிலுக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் பீடியும் ஆகாது, குத்துவிளக்கும் ஆகாது.

என் ஓட்டு, வீட்டில் இருக்கும்போது சிலிண்டருக்கே. அண்ணன் வெளியூர் பஸ் ஏறும்போது மட்டும் ஊசியைத் தேடுகிறார்.