வெற்றிடத்துக்கு எது நல்லது: வானமா, குளத்து நீரா, வயலா?

பொருளைச் சிறிதாக வைத்து, சுற்றிலும் நிறைய வெற்றிடம் விட்டுப் படமெடுக்க வட இலங்கையின் வன்னி அருமையான நிலம். மலை மறிக்காது, மாடிக் கட்டடமும் குறைவு. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு வெளி கிடைக்கும். அதனாலேயே பலர் யோசிக்காமல் கமராவை வானத்துக்குத் தூக்கிவிடுகிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பொருளின் நிறம். கரியதா, வெளிறியதா என்பதைப் பொறுத்தே வெளியைத் தேர வேண்டும்.

கரிய பொருளுக்கு வானம் பொருந்தும். தலையிழந்து நிற்கும் பனை, சிறகு விரித்துக் காயும் நீர்க்காகம் போன்றவை அதில் எடுபடும். ஆனால் பஞ்சுமேகம் சிதறிய நீல வானம் வெற்றிடம் ஆகாது. ஒவ்வொரு மேகமும் கண்ணைப் பிடித்து இழுக்கும். எல்லோரும் சலித்துக்கொள்ளும் மாரிகாலத்து மூடல் வானம்தான் இதற்கு வாய்ப்பானது. கமராவின் ஒளிமானி அந்த வெண்மையை நடுச்சாம்பலாக்கிவிடும் என்பதால் எக்ஸ்போஷரை 1 முதல் 1.5 ஸ்டொப் வரை கூட்டுங்கள் (ஒரு ஸ்டொப் கூட்டினால் ஒளி இரட்டிப்பாகும், குறைத்தால் பாதியாகும்). அதற்கு மேல் போனால் வானம் வெறும் தாளாகி, வெள்ளைப் பக்கத்தில் அச்சிடும்போது படத்தின் விளிம்பே தெரியாமல் போகும். பனையை எடுக்கும்போது முழங்காலில் இருந்து எடுத்தால் பற்றைகள் கீழே இறங்கி, தண்டு வானத்தில் தனித்து நிற்கும்.

அதே மூடல் வானத்தில் வெண்கொக்கு கரைந்துபோகும். அதற்கு நீர்தான் வேண்டும். மூன்றிலும் அதிகம் தருவது நீர் என்பது எங்கள் முடிவு. அதன் நிறத்தை நிற்கும் இடத்தாலேயே மாற்றிக்கொள்ளலாம். கரையில் குந்தியிருந்து பார்த்தால் நீர் அடிவானத்து வெளிச்சத்தை அப்படியே திருப்பித் தரும், வெளிறித் தெரியும். குளக்கட்டில் ஏறிப் பக்கத்து நீரைக் கீழ்நோக்கிப் பார்த்தால் பிரதிபலிப்பு குறையும், நீர் கறுக்கும். கொக்குக்கு இந்தக் கறுப்புத்தான் தேவை. இங்கே ஒளிமானி எதிர்ப்பக்கம் ஏமாறும்: இருண்ட நீரைக் கண்டு வெளிச்சத்தைக் கூட்டி, இறகுகளை வெறும் வெள்ளைத் திட்டாக்கிவிடும். 1 முதல் 1.7 ஸ்டொப் வரை குறைத்தால் இறகின் மடிப்புகள் தெரியும். பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்டால் நீர் இன்னும் கறுக்கும், ஆனால் 1 முதல் 2 ஸ்டொப் வெளிச்சம் போய்விடும். நடக்கும் பறவைக்கு ஐஎஸ்ஓவை, அதாவது கமராவின் ஒளியுணர்வு அளவை, கூட்டியாக வேண்டும். கொக்கு பார்க்கும் திசையில் கூடுதல் இடம் விடுங்கள். போன் திரையில் பார்க்கப்போகும் படம் என்றால் பறவை படத்தின் உயரத்தில் ஆறிலொரு பங்குக்குக் குறையாமல் இருக்கட்டும்.

கிளிநொச்சிக்கு அருகிலுள்ள இரணைமடுவின் கட்டு குளத்தின் வடக்கில் இருப்பதால் கட்டில் நிற்பவர் தெற்கு நோக்கியே எடுப்பார். காலையில் ஒளி இடப்பக்கமிருந்தும் மாலையில் வலப்பக்கமிருந்தும் வரும், இரண்டும் நல்லவை. மார்கழி, தை மாதங்களில் நண்பகல் சூரியன் தெற்கே சரிந்து நிற்பதால் நீர் முழுக்க மினுமினுப்பு, வெற்றிடம் கெட்டுவிடும். காற்றுத்தான் இதைவிடப் பெரிய சிக்கல். விடிந்து சற்று நேரமே நீர் அசையாமல் கிடக்கும். சோழகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் அதுவும் அரிது. அப்போது பறவையை விட்டுவிட்டு, நீருக்குள் நிற்கும் பட்டமரத்தை எடுங்கள்: ஒளியைக் குறைக்கும் 10 ஸ்டொப் என்டி ஃபில்டர் போட்டால் 1/60 நொடி ஏறக்குறைய 16 நொடியாகும், சிற்றலைகள் மழுங்கிப் பால்போலாகும். ட்ரைபொட் கட்டாயம்.

வயலை மூன்றாவதாகவே வைப்போம். காலபோகப் பயிர் நிலத்தை மூடியதிலிருந்து கதிர் தள்ளும்வரைதான் அது ஒரே பச்சை. வயலுக்குள் நின்று எடுத்தால் வரம்புகள் கோடு கோடாக வெட்டும். உயரமான இடத்திலிருந்து 200 மி.மீ. லென்ஸில் இரண்டு வரம்புகளுக்கு இடைப்பட்ட பச்சையை மட்டும் பிடியுங்கள். சிவப்புச் சேலை, வெள்ளைச் சாரம் இரண்டும் அதில் எடுபடும். எக்ஸ்போஷரைத் தொட வேண்டியதில்லை. அறுவடைக்குப் பிந்திய ஒட்டுத்தாள் வயல் உதவாது.

மூன்றிலும் ஒரு பொதுத் தொல்லை உண்டு. வெற்றிடம் எதையும் மறைக்காது. எஃப் 16 போன்ற சிறிய லென்ஸ் துவாரத்தில் சென்சர் தூசி வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். எஃப் 8 போதும். ஜேபெக்கில் எடுத்துப் பின்னர் இருட்டாக்கினால் மென்மையான நிறமாற்றம் பட்டை பட்டையாக உடையும், எனவே சென்சரின் முழுத் தரவையும் வைத்திருக்கும் ரோ கோப்பில் எடுங்கள். அடிவானம் ஒரு பாகை சரிந்தாலும் குளம் ஒரு பக்கம் வழிவதுபோல் இருக்கும். கமராவின் கட்டக் கோடுகளைப் போட்டுவிட்டே எடுங்கள்.