செட்டிநாட்டுப் பாணியில் ஒயின் கூடம்: பழைய தூணா, புதிய கைவேலையா, தகரக் கொட்டகையா?

என் சித்தப்பா மகன் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலையடிவாரத்தில் சிறியதாக ஓர் ஒயின் ஆலை நடத்துகிறான். வருகிறவர்கள் உட்கார்ந்து ருசி பார்க்க ஒரு கூடம் கட்ட வேண்டும், அது நம் செட்டிநாட்டு வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றித் தூண் நிற்கும் உள்வீடு போலவே இருக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அதைக் காரைக்குடியிலேயே கட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. சின்ன ஆலைக்காரர் கடை விரித்து ருசி காட்டும் பேச்சுக்கே இங்கு இடமில்லை. கர்நாடகமோ 2007-இல் ஒயினுக்கென்றே தனிக் கொள்கை வகுத்த மாநிலம். ஆகவே கூடம் அங்கே, சாமான் இங்கிருந்து. பழைய வீடுகளைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் பொறுக்கி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

அவன் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, இடித்த வீட்டுத் தூண், நிலை, கதவு, உத்தரம் எல்லாவற்றையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கி, லாரியில் ஏற்றி, அங்கே பூட்டிக்கொள்வது. இரண்டாவது, பழைய முறையில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்வது. அதாவது ஆத்தங்குடியில் தரைக்குப் பூக்கல் சொல்லி, சுண்ணாம்புக் கொத்தனாரை இங்கிருந்து அழைத்துப் போவது. மூன்றாவது, அவனுடைய ஆர்க்கிடெக்ட் சொன்னது: இரும்புச் சட்டத்தில் ஒரு தொழிற்கூடக் கொட்டகை, அதற்குள் செட்டிநாட்டு ஒப்பனை.

பார்வைக்கு முதல் வழிதான் ஜெயிக்கும், அதில் சந்தேகமே இல்லை. பர்மாத் தேக்குத் தூணைக் கையால் தடவிப் பார்த்தவனுக்குப் புதுத் தேக்கு எதுவும் பிடிக்காது. நூறு வருடத்து எண்ணெயும் கையும் பட்டுக் கறுத்த மரம் அது. ஆனால் இங்கே விற்கப் போவது ஒயின். ஒயினைப் பாதிக்கு மேல் மூக்கால்தான் குடிக்கிறார்கள். முதல் வழி சறுக்குவது அந்த இடத்தில்தான்.

ஒயின் தொழிலில் இருப்பவர்கள் மிகவும் பயப்படும் ஒரு வாடை உண்டு. பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டின் உள்பகுதியான இரண்டாங்கட்டை மழைக்காலத்தில் திறந்தால் அடிக்குமே, அந்த ஈர நெடி. அதற்குக் காரணமான வேதிப்பொருள்களில் பேர் போனது டிசிஏ (டிரைகுளோரோஅனிசோல்). குளோரின் கலந்த ஃபீனால் சேர்மங்களைப் பூஞ்சை தின்று மாற்றும்போது இந்த வகைப் பொருள்கள் பிறக்கின்றன. லிட்டருக்குச் சில நானோகிராம் போதும், ஒரு நல்ல ஒயின் செத்துப்போகும். புட்டியை அடைக்கும் தக்கையிலிருந்துதான் இது வரும் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். பிறகு பார்த்தால், பென்டாகுளோரோஃபீனால் போன்ற குளோரின் கலந்த மரக்காப்பு மருந்து அடித்த உத்தரங்களிலிருந்தும் பலகைகளிலிருந்தும் இதே குடும்பத்துப் பொருள்கள் காற்றில் பரவி, நிலவறை முழுவதையும் கெடுத்திருந்தன.

இனி நம் தெருவுக்கு வாருங்கள். கடையில் சாய்த்து வைத்திருக்கும் தூண் எந்த வீட்டிலிருந்து வந்தது என்பதே பல நேரம் தெரியாது. அதற்குக் கரையான் மருந்து அடித்தார்களா, எந்தக் காலத்தில் எந்த மருந்தை அடித்தார்கள் என்பது எப்படித் தெரியும்? ஆரம்பத்தில் நல்லெண்ணெய் தடவி வளர்ந்த மரம், பின்னாளில் வார்னிஷ், கழிவு எண்ணெய், பெயர் தெரியாத டப்பா மருந்து என எல்லாவற்றையும் குடித்திருக்கும். கடைக்காரரைக் கேட்டேன். “நல்லா மருந்து போட்டிருக்கு அண்ணே, இன்னும் நூறு வருஷம் தாங்கும்” என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இன்னொரு காரணம் தொழில் சம்பந்தப்பட்டதல்ல, என் சொந்த எரிச்சல். செட்டிநாட்டு ஊர்களை உலக மரபுச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014-இல் சேர்த்தார்கள். ஒரு பக்கம் அந்தப் பெருமை, மறுபக்கம் நிலைக்கதவுக்கு விலை வருகிறதென்று வீட்டையே பெயர்த்து விற்கும் கூத்து. பங்காளிகள் நாற்பது பேருக்குச் சொந்தமான வீட்டைப் பராமரிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது தெரியும். இருந்தாலும் நாம் ஒரு தூண் கேட்டால், எங்கோ ஒரு வீட்டில் தூண் வரிசைத் தாழ்வாரமான பத்தி சரிகிறது.

எனவே என் ஓட்டு இரண்டாவது வழிக்கு. ஆனால் அதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அது தரை.

ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை நிறுத்தி, சாயம் கலந்த சிமென்டுக் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கியதும் குழம்பு ஒன்றோடொன்று கலக்காமல் நிற்கும். அந்த ஒரு நொடியில்தான் கைப்பழக்கம் தெரியும். மேலே உலர்ந்த சிமென்டு மணலைத் தூவி, பிறகு ஈரக் கலவையை நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். அதன் பின் தண்ணீர்த் தொட்டியில் ஊறவிட்டு வெயிலில் உலர்த்துவார்கள். கண்ணாடியை உரித்ததும் முகம் பளபளக்கும். நடக்க நடக்கப் பளபளப்பு கூடுமே தவிரக் குறையாது.

மினுமினுப்பு எவ்வளவு இருந்தாலும் உள்ளே இருப்பது சிமென்டுதான். ஒயினோ மூன்றுக்கும் நான்குக்கும் இடைப்பட்ட பிஹெச் உள்ள புளிப்புச் சரக்கு. சிமென்டில் உள்ள சுண்ணாம்புச் சத்தைப் புளிப்பு அரிக்கும். எலுமிச்சம்பழச் சாறு சொட்டிய பளிங்குத் திண்டு எப்படி மங்கிப் போகும் என்று எந்த ஆச்சியைக் கேட்டாலும் சொல்வார். சிவப்பு ஒயின் சிந்தினால் மங்கலோடு கறையும் சேரும். மேலே சீலர் பூசினால் கறை இறங்குவதை அது தாமதப்படுத்தும், அரிப்பை நிறுத்தாது. இதே கதைதான் இத்தாலியப் பளிங்குக்கும். சிவப்பு ஆக்சைடு தரைக்கும் இதே கதைதான், ஆனால் அந்த நிறத்தில் கறை கண்ணுக்குத் தெரியாது. சில சமயம் அதுவே போதும்.

கருங்கல்லுக்கு இந்தத் தொல்லை இல்லை. மெருகேற்றிய கறுப்புக் கிரானைட் புளிப்புக்கு அசையாது. ஆகவே ஊற்றும் மேடையும் அதன் கீழ் மூன்றடி அகலத் தரையும் கருங்கல். மக்கள் உட்காரும் இடத்தில் சிவப்பு ஆக்சைடு. ஆத்தங்குடிக் கல்லை முகப்பிலும் நடைபாதையிலும் மட்டும் பதிக்கலாம். தம்பி முகம் சுளித்தான். கூடம் முழுக்கப் பூக்கல் வேண்டுமாம். முதல் விசேஷத்தன்றே பத்துப் பேர் கோப்பையைத் தட்டிவிடுவார்கள் என்றதும் அடங்கினான்.

சுவரில் வாதத்துக்கே இடமில்லை. சிமென்டுப் பூச்சும் எமல்ஷனும் வாரக்கணக்கில் நாறும். முட்டை வெண்கரு, கடுக்காய், வெல்லம் எல்லாம் சேர்த்த சுண்ணாம்புப் பூச்சும் முதலில் ஒரு மாதிரி வாடை அடிக்கத்தான் செய்யும், ஆனால் காய்ந்த பின் எதுவும் மிஞ்சாது. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சை எளிதில் வேர்விடுவதில்லை, ஒயின் கூடத்துக்கு அது பெரிய லாபம். கூடவே அந்த வெண்மை. ஒயினின் நிறம் பார்க்கக் கோப்பைக்குப் பின்னால் வெள்ளை வேண்டும். வண்ண விளக்கும் இருட்டு மூலையும் போட்டு நாட்டுப்புற அழகு என்று சொல்லும் கூடங்களில் உட்கார்ந்து சிவப்பா, பழுப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. குறை என்றால் ஒன்றுதான்: மெருகு இழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் குறைவு, அவர்களை அவசரப்படுத்தவும் முடியாது.

மூன்றாவது வழியை நான் கேலி செய்தாலும் அதில் ஒரு விஷயம் சரி. குளிர். ஒயின் புட்டிகளைப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து டிகிரியில் வைக்க வேண்டும். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் மனிதனுக்குச் சுகம் தரும், புட்டிக்கு அது போதாது. செட்டிநாட்டுக் கண்டனூரில் சித்திரை மாதம் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், வளவு ஜிலுஜிலுவென்றிருப்பதெல்லாம் வெளியிலிருந்து வந்தவன் சொல்லும் கதை. அதனால் கூடத்தின் ஓரத்தில் ஒரு சிறு அறையை மட்டும் ஆர்க்கிடெக்ட் சொன்ன வெப்பத்தடுப்புப் பலகையில் கட்டி, குளிர்சாதனம் வைத்துவிடலாம். மற்றபடி இரும்புத் தூணுக்குத் தேக்கு நிறம் அடிக்கும் யோசனையை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

கூரைக்கு நாட்டு ஓடா, மங்களூர் ஓடா என்று நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. நாட்டு ஓட்டை அடிக்கடி மாற்றி அடுக்க ஆள் வேண்டும், அந்த ஆள் அங்கே இல்லை. மங்களூர் ஓடு போதும்.

பழைய சாமானில் நான் முழு மனதோடு பரிந்துரைத்தது ஒன்றே ஒன்று, பித்தளைப் படிக்கம். பல ஒயின்களை வரிசையாக ருசி பார்க்கிறவர்கள் விழுங்குவதில்லை, துப்புகிறார்கள். ஆலைகள் அதற்கு எவர்சில்வர் வாளி வைக்கின்றன. வெற்றிலை போட்ட ஆச்சிகளின் படிக்கம் இதற்கென்றே செய்ததுபோல் வாய் அகன்று, கழுத்து ஒடுங்கி, உள்ளே இருப்பது தெரியாமல் இருக்கும். உள்ளே வெள்ளீயம் பூசிவிட்டால் புளிப்பும் பித்தளையைத் தொடாது. கழுவும்போது பிளீச்சிங் பவுடர் மட்டும் கூடாது. படிக்கத்துக்கு மட்டுமல்ல, அந்தக் கட்டடத்தில் எதற்குமே கூடாது, மேலே சொன்ன குளோரின் சங்கதிதான்.

மிச்சமிருக்கும் சண்டை ஒரு நிலைக்கதவைப் பற்றியது. தேவகோட்டையில் தம்பி பார்த்து வைத்தது, மேல் நிலையில் கஜலட்சுமி செதுக்கியது, உண்மையிலேயே அபூர்வமான வேலை. அதைக் கூடத்துக்குள் நிறுத்த நான் ஒப்பவில்லை. மரத்தில் ஒரு சீவல் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, குளோரின் மருந்து இல்லை என்று எழுத்தில் வந்தால் முகப்பில் பூட்டலாம். இருக்கிறது என்று வந்தால் ஆலையிலிருந்து தள்ளி, தோட்டத்து வெளிவாசலில் மழையும் காற்றும் படும்படி நிற்கட்டும். முன்பணம் கொடுப்பது அந்த முடிவு வந்த பிறகுதான் என்று சொல்லியிருக்கிறேன்.