மூடியில் கத்திரிப்பூ, தட்டில் புளிக்கரைசல்

அக்கா மகள் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். 1850இல் தொடங்கிய கல்லூரி, சும்மா உள்ளே விட மாட்டார்கள். "மாமா, நல்ல கலர் செட்டா வாங்கிக் குடுங்க" என்றாள். கிருஷ்ணகிரியில் ஒரு ஸ்டேஷனரி கடையில் 12 டியூப் வாட்டர் கலர் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன் 20 வருஷம் போர்டு எழுதியவன் நான். கலர் கூட்டத் தெரியும் என்ற தைரியத்தில் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

மூடியின் உள்பக்கம் கலர் சக்கரம் அச்சடித்திருக்கிறார்கள். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா என்று அம்புக்குறி வேறு. பாப்பா அப்படியே கலக்கினாள். கத்திரிப்பூ கலர் வரவேண்டிய தட்டில் புளிக்கரைசல்.

"நாந்தான் தப்பாக் கலக்கிட்டனா மாமா?"

தப்பு டப்பாவில். அதில் இருந்த ஒரே சிவப்பு வெர்மிலியன். அதுக்குள் மஞ்சள் சாயல் உண்டு. மஞ்சளும் ஊதாவும் சக்கரத்தில் நேரெதிர். எதிரெதிர் கலர் கலந்தால் பளிச்சு செத்துப்போகும். ஊதாவுக்கு நீலச் சாயல் உள்ள கிரிம்சன் சிவப்பு வேண்டும். மறுநாள் அதே கடையில் தனி டியூப் ஒன்று வாங்கிவந்து அல்ட்ராமரைன் நீலத்தோடு கூட்டினேன், கத்திரிப்பூ வந்தது. மஞ்சள் இரண்டு, நீலம் இரண்டு கொடுத்தவர்கள் சிவப்பில் கஞ்சத்தனம் பண்ணிவிட்டு, நாமே கலந்துகொள்ளக்கூடிய பச்சையை மட்டும் இரண்டு டியூப் அடைத்திருக்கிறார்கள்.

நீலங்கள் இரண்டும் அருமை, குறை சொல்ல மாட்டேன். வெள்ளை பாதி காய்ந்திருந்தது.

அடுத்து பெங்களூரா மாங்காய் வரைந்தாள், கிளிமூக்கோடு. பச்சை காயும் முன்னே தோள்பட்டையில் சிவப்பை வைத்தாள். மாங்காய்க்குப் பதில் களிமண் உருண்டை. பச்சையும் சிவப்பும்கூடச் சக்கரத்தில் எதிரெதிர், இதற்கு டப்பாவைத் திட்ட முடியாது. பச்சை நன்றாகக் காய்ந்தபின் பக்கத்தில் சிவப்பை வைக்கச் சொன்னேன். அதே சிவப்பு தீயாக எரிந்தது. பிரான்சில் கோப்ளான் நெசவாலையில் கறுப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தபோது, சாயத்தில் கோளாறில்லை, பக்கத்து நூலின் கலர்தான் கண்ணை மாற்றுகிறது என்று கண்டுபிடித்தவர் செவ்ரூல் என்ற வேதியியல் அறிஞர். 1839இல் அதைப் புத்தகமாகவும் போட்டார். நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. மஞ்சள் போர்டில் நீல எழுத்து ஏன் எட்ட நின்றாலும் தெரிகிறது என்று ஏணி மேல் நின்று தெரிந்துகொண்டேன்.

நிழலுக்குக் கறுப்பை எடுக்காதே, பச்சையிலேயே துளி சிவப்பு சேர் என்றேன். கறுப்பை வீணாக்கவில்லை: லெமன் மஞ்சளில் துளி விட்டால் முற்றிய மாவிலைப் பச்சை வருகிறது.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வாங்குவதானால் செட் வேண்டாம். லெமன், குரோம் மஞ்சள், வெர்மிலியன், கிரிம்சன், அல்ட்ராமரைன், பிரஷ்யன் புளூ என்று ஆறு தனி டியூப் கேளுங்கள். கடைக்காரர் கல்லாவுக்குப் பின்னால் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருக்கிறார், கேட்டால்தான் எடுப்பார்.