கேபிள் மோடத்துக்குப் பின்னால் சொந்த ரவுட்டர்: பிரிட்ஜா, ஆக்சஸ் பாயிண்டா?

கேபிள் நிறுவனம் தந்த பெட்டியிலேயே ரவுட்டரும் இருந்தால், உங்கள் ரவுட்டரை அப்படியே சொருகினால் இரட்டை நாட் (NAT, ஐபி முகவரியை மாற்றும் வேலை இரண்டு பெட்டியிலும் நடப்பது) ஆகும். வெளியிலிருந்து வீட்டுக் கேமரா பார்ப்பது தகராறு செய்யும்.

பிரிட்ஜ் முறையில் பெட்டி வெறும் மோடமாகிவிடும். நிறுவனம் தரும் ஐபி உங்கள் ரவுட்டரின் வான் (WAN, இணையம் நுழையும்) போர்ட்டுக்கே வரும். வரவில்லையா? ரவுட்டரைத் திட்ட வேண்டாம். பல கேபிள் மோடம்கள் முதலில் கண்ட கருவியின் மேக் முகவரியையே (MAC, அதன் அடையாள எண்) பிடித்துக்கொள்ளும். மோடத்தின் மின்சாரத்தை ஒரு நிமிடம் துண்டியுங்கள். உள்ளே பேட்டரி இருந்தால் அதையும் கழற்றுங்கள். மோடம் விளக்குகள் நிலைத்தபின் ரவுட்டரைப் போடுங்கள்.

வைஃபை எட்டாததுதான் குறை என்றால் உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்டாக, அதாவது வைஃபை பரப்ப மட்டும், வைத்தாலே போதும். பெட்டி 192.168.0.1 என்றால் ரவுட்டருக்கு 192.168.0.2 கொடுத்து, அதன் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி பங்கிடும் வேலை) அணைத்து, பெட்டியின் லேன் (LAN, வீட்டுக் கருவிகளைச் சொருகும்) போர்ட்டிலிருந்து ரவுட்டரின் லேன் போர்ட்டுக்கு வயர் இழுங்கள். ரவுட்டரின் ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் வேண்டாத இணைப்பைத் தடுப்பது) மட்டும் சும்மா கிடக்கும்.