இரட்டை மோட்டார் ஆர்.சி. (ரிமோட்) படகு வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: "ட்ரிம் பண்ணுங்க, சரியாயிடும்" என்றால் நம்பாதீர்கள்

"செட்டப் செய்து, தண்ணீரில் ஓட்டிப் பார்த்துத் தருகிறோம், பேட்டரி மாட்டினால் போதும்" என்று விளம்பரம் போட்டு இரட்டை மோட்டார் கேட்டமரன் (இரட்டை உடல் படகு) விற்கிற ஒரு ஆன்லைன் கடையில் 38,000 ரூபாய் கொடுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கடையின் பெயரை இங்கே போடவில்லை. புகார் போய்க்கொண்டிருக்கிறது, அது ஒரு முடிவுக்கு வரட்டும். பெயரைவிட அவர்கள் என்ன செய்தார்கள், அது எப்படி வெளியே தெரிந்தது என்பதுதான் உங்களுக்கு உபயோகம், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். படகு ஓட்டிப் பழக்கமில்லாதவர்களும் பொறுமையாகப் படியுங்கள், ஏனென்றால் இவர்கள் குறி வைப்பதே உங்களைத்தான்.

ஆர்டர் செய்தது இது: 80 சென்டிமீட்டர் நீள ஃபைபர் படகு, 2000 கே.வி. (சுமையில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 2000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார் இரண்டு, இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இரண்டு, 40 மி.மீ. ப்ராப் (தள்ளும் விசிறி) இரண்டு, நடுவில் ஒரு ரடர் (சுக்கான்), மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு 4 எஸ் (நான்கு செல்) லைப்போ பேட்டரி. அனுப்புவதற்கு முன்னால் ஒரு வீடியோ அனுப்பினார்கள். மேசை மேல் படகை வைத்து த்ராட்டிலை ஏற்றுகிறார்கள், இரண்டு மோட்டாரும் வீல் என்று சுற்றுகின்றன, பின்னணியில் ஒரு குத்துப் பாட்டு வேறு. மேசை மேல் சுமையே இல்லாமல் சுற்றினால் குப்பையில் கிடந்த மோட்டாரும் நன்றாகத்தான் சுற்றும். தண்ணீரில் ஓட்டிய வீடியோ கேட்டேன், "பார்சல் போட்டாச்சு சார், இங்க ஓட்டியாச்சு, நம்பி இறக்குங்க" என்றார்கள்.

எங்கள் ஊர்க் கண்மாயில் இறக்கினோம். மெதுவாகப் போகும்போதே லேசாக இடது பக்கம் இழுத்தது. த்ராட்டிலை பாதிக்கு மேல் ஏற்றினால் இடது பக்க ஸ்பான்சன் (இரட்டை உடலில் ஒன்று) தண்ணீருக்குள் அமுங்குகிறது, படகு அப்படியே இடது பக்கம் கொக்கி போட்டு வளைகிறது. இடது திருப்பம் என்றால் சட்டென்று சுழன்றுவிடும், வலது பக்கம் திருப்பினால் அரைக் கண்மாயும் போதவில்லை. கடைக்காரரிடம் சொன்னால் ஒரே பதில்: "சார், ரடர் ட்ரிம்ம வலது பக்கம் நாலு கிளிக் வைங்க, சரியாயிடும்."

வைத்தேன். ட்ரிம் என்பது ரிமோட்டில் ரடரின் நடு நிலையைக் கொஞ்சம் நகர்த்தி வைப்பது. முழு வேகத்தில் ஓரளவு நேராகப் போனது, வேகத்தைக் குறைத்தால் இப்போது வலது பக்கம் ஓடியது. ட்ரிம் ஒரு நோய்க்கு மருந்தா இல்லையா என்று கண்டுபிடிக்க இதுவே போதும். ரடர் கோணல், சர்வோ (ரடரைத் திருப்பும் சிறு மோட்டார்) நடுவில் இல்லை என்றால் இழுப்பு எல்லா வேகத்திலும் ஒரே பக்கம், ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும், ட்ரிம்மில் சரியாகிவிடும். த்ராட்டில் ஏற ஏற இழுப்பும் ஏறுகிறது என்றால் கோளாறு மோட்டார், ப்ராப், ஸ்ட்ரட் (ப்ராப் ஷாஃப்ட்டைப் பின்னால் தாங்கும் பிடி) பக்கம் இருக்கிறது. அதை ட்ரிம்மில் அடக்குவது என்றால் ரடரை எந்நேரமும் குறுக்கே பிடித்துக்கொண்டு போவது, அதாவது பிரேக் போட்டுக்கொண்டே ஓட்டுவது.

கரையில் தூக்கி வைத்துப் பின்னாலிருந்து பார்த்தேன். இரண்டு ப்ராப்பும் வலது கை ப்ராப். இரண்டும் பின்னாலிருந்து பார்த்தால் கடிகார திசையில் சுற்றுகின்றன. விஷயம் அங்கேயே பாதி விளங்கிவிட்டது. ப்ராப் கடிகார திசையில் சுற்றினால் அதன் எதிர்விசை படகின் உடலை எதிர்த் திசையில் புரட்டப் பார்க்கும், அதனால் இடது பக்கம் அமுங்கும். கூடவே வலது கை ப்ராப் படகின் பின்பக்கத்தை வலது பக்கம் தள்ளும், மூக்கு இடது பக்கம் திரும்பும். ஒற்றை மோட்டார் படகில் இந்தத் தொல்லை உண்டு, அதைச் சமாளிக்க அங்கே வேறு வழிகள் இருக்கின்றன. இரண்டு மோட்டார் வைப்பதன் பெரிய லாபமே ஒன்றை வலது கை, இன்னொன்றை இடது கை (எதிர்த் திசையில் சுற்றுவது) என்று வைத்து இந்த இரண்டு விசையையும் ஒன்றுக்கொன்று அடித்துவிடலாம் என்பதுதான். இவர்கள் இரண்டையும் ஒரே திசையில் வைத்துத் தொல்லையை இரட்டிப்பாக்கி, அதற்குக் காசும் வாங்கிவிட்டார்கள். காரணம் சிம்பிள், வலது கை ப்ராப் எங்கும் கிடைக்கும், இடது கை ப்ராப்பைத் தேடி வாங்க வேண்டும்.

போட்டோ எடுத்து அனுப்பினேன். அப்போதாவது தப்பை ஒத்துக்கொண்டார்களா என்றால், இல்லை. "சில படகுல அப்படித்தான் சார் வரும்" என்று ஆரம்பித்து, பிறகு "இடது பக்கம் கொஞ்சம் பெரிய ப்ராப் போட்டா பேலன்ஸ் ஆயிடும்" என்றார்கள். தயவுசெய்து யாரும் இதைச் செய்துவிடாதீர்கள். ஒரே சுற்று வேகத்தில், ஒரே வடிவ ப்ராப் இழுக்கும் சக்தி அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 40 மி.மீ. இருந்த இடத்தில் 42 போட்டால் பார்வைக்கு வித்தியாசமே தெரியாது, சுமை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். ஏற்கெனவே சூடாகிற மோட்டாரை அது எரித்தே விடும்.

நான் விடாமல் கேட்கவும், ஒரு இடது கை ப்ராப் மட்டும் கூரியரில் வந்தது, கூடவே வாட்ஸ்அப்பில் ஒரு வரி: "இடது மோட்டார்ல மூணு ஒயர்ல ஏதாவது ரெண்ட மாத்தி மாட்டுங்க, ரிவர்ஸ்ல சுத்தும்." பிரஷ்லெஸ் மோட்டாருக்கு அது சரிதான், மூன்றில் எந்த இரண்டை மாற்றினாலும் திசை மாறும். ஆனால் மோட்டாருக்கும் ப்ராப்புக்கும் நடுவில் ஒன்று இருக்கிறதே, ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட், அதைப் பற்றி மூச்சு விடவில்லை. அது கம்பிகளை முறுக்கிச் செய்தது. ஒரு திசையில் சுற்றினால் முறுக்கு இறுகும், எதிர்த் திசையில் சுமையோடு சுற்றினால் வெளி அடுக்கு பிரிந்து பருக்கும். அதனால்தான் இரட்டை மோட்டார் படகுக்கு இடது முறுக்கு ஒன்று, வலது முறுக்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்குகிறார்கள். என் படகில் இருந்தது இரண்டும் ஒரே முறுக்கு. மாற்றி மாட்டி ஓட்டியதும் படகு முதல்முறையாகச் சமமாக எழும்பியது, சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் இடது ஷாஃப்ட் பிரிந்து குழாய்க்குள் இறுகி, மோட்டார் திணறி, இடது இ.எஸ்.சி.யிலிருந்து புகை வந்து, படகு நடுக் கண்மாயில் ஒற்றை மோட்டாரோடு வட்டமடிக்க ஆரம்பித்தது. லாரி டியூபில் போய்த்தான் எடுத்து வந்தோம்.

இனிதான் மோசடி. "தண்ணி உள்ள போயிருக்கு சார், வாட்டர் டேமேஜுக்கு வாரண்டி கிடையாது." படகுக்குத் தண்ணீர் ஆகாது என்று வாரண்டி எழுதுகிறவர்களை என்ன சொல்வது! உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பிரிந்த ஷாஃப்ட்டை வெளியே எடுத்து அளவுகோல் வைத்துப் படம் பிடித்து அனுப்பினேன். அன்றோடு போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

கண்மாய்க்கு வழக்கமாக வரும் ஒரு அண்ணன் இருக்கிறார், லேத் பட்டறை வைத்திருப்பவர், படகுகளைத் தானே கட்டி ஓட்டுகிறவர். அவரிடம் கொண்டு போனேன். மூடியைத் திறந்து பார்த்தவர், "தம்பி, இவனுங்க ஷாஃப்ட்ல மட்டுமா கைய வச்சிருப்பானுங்க? ரெண்டு மோட்டாரையும் கழட்டுங்க" என்றார். ட்ரில் மெஷினில் ஒவ்வொரு மோட்டாரையும் மாட்டி ஒரே வேகத்தில் சுற்றி, மூன்று ஒயரில் ஏதாவது இரண்டில் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரே கே.வி. மோட்டார்கள் என்றால் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வோல்ட் வர வேண்டும். இடது மோட்டாரில் நன்றாகவே கூடுதலாக வந்தது. வோல்ட் கூடினால் கே.வி. குறைவு என்று பொருள். ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிளப்பி உரித்தோம், புது ஸ்டிக்கருக்கு அடியில் பழைய ஸ்டிக்கர், அதில் 1650. மேலே ஒட்டியிருந்தது 2000.

4 எஸ் பேட்டரி 14.8 வோல்ட். 2000 கே.வி. என்றால் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 29,600 சுற்று, 1650 என்றால் 24,420. வலது மோட்டார் ஐயாயிரம் சுற்று முந்திக்கொண்டு தள்ளினால் மூக்கு இடது பக்கம் போகாமல் வேறெங்கே போகும்? நொண்டி மாட்டோடு நல்ல மாட்டைப் பூட்டிய வண்டிதான் இது. ஆக அந்த இடது இழுப்புக்கு ஒரு காரணம் இல்லை: ப்ராப் திசை ஒன்று, மோட்டார் வித்தியாசம் ஒன்று. ப்ராப்பை மட்டும் சரிசெய்திருந்தாலும் இழுப்பு மிச்சம் இருந்திருக்கும், அப்போதும் "ட்ரிம் பண்ணுங்க" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அண்ணன் அதோடு விடவில்லை. மேசைக் கண்ணாடி மேல் படகை வைத்து இரண்டு ஸ்ட்ரட்டும் எவ்வளவு உயரத்தில் இருக்கின்றன என்று அளந்தார், இடது பக்கம் 3 மி.மீ. தாழ்ந்திருந்தது. தண்ணீரைக் கிழித்து மேற்பரப்பில் ஓடும் ப்ராப்புக்கு 3 மி.மீ. பெரிய விஷயம், தாழ்ந்த பக்கம் ப்ராப் ஆழமாகக் கடித்து மோட்டாரைக் கூடுதலாகச் சூடாக்கும். இரண்டு இ.எஸ்.சி.யிலிருந்தும் சிவப்பு ஒயர் ஒய் கேபிள் வழியாக ரிசீவருக்கு அப்படியே போயிருந்தது. ஸ்விட்ச்சிங் வகை பி.இ.சி. (இ.எஸ்.சி.க்குள் இருந்து ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்கும் பகுதி) இரண்டை இப்படிச் சேர்க்கக்கூடாது, ஒன்றின் சிவப்பு ஒயரைக் கழற்றி டேப் சுற்றிவிட வேண்டும். பேட்டரி இரண்டில் ஒன்று பழையது. பழையதில் வோல்ட் முதலில் இறங்கி, அந்தப் பக்க இ.எஸ்.சி. மட்டும் கட்-ஆஃப் ஆனால் படகு தன்பாட்டுக்கு வட்டமடிக்கும். இரண்டு பேட்டரியையும் பேரலலாக இணைத்து இரண்டு இ.எஸ்.சி.க்கும் கொடுத்தால் ஒரு பக்கம் மட்டும் முன்னால் தீர்ந்துபோகும் தொல்லை இல்லை. இணைப்பதற்கு முன் இரண்டும் ஒரே வோல்ட்டில் இருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம்.

இதெல்லாம் தெரிந்த பிறகு சொல்கிறேன், செட்டப் செய்த படகு வாங்குவதென்றால் காசு கட்டும் முன் கடைக்காரரிடம் பின்பக்கத்தை நேராகக் காட்டும் ஒரு படம் கேளுங்கள். இரண்டு ப்ராப்பும் கண்ணாடியில் பார்த்த மாதிரி எதிரெதிராக இருக்க வேண்டும், ஒரே மாதிரி இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இடது முறுக்கு ஷாஃப்ட் போட்டிருக்கிறீர்களா என்று கேளுங்கள். "அப்படி ஒண்ணு இருக்கா சார்?" என்று அவர் உங்களையே திருப்பிக் கேட்டால் பதில் கிடைத்துவிட்டது. தண்ணீரில் ரடரைத் தொடாமல் நேராகப் போவதும், இரண்டு பக்கமும் திரும்புவதும், பின்னால் இரண்டு கூலிங் குழாயிலும் தண்ணீர் பீய்ச்சுவதும் வெட்டு இல்லாமல் ஒரே வீடியோவில் வர வேண்டும். பார்சலைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள், மோட்டார் ஸ்டிக்கரையும் சேர்த்து.

ஏற்கெனவே வாங்கி, இழுக்கிறது என்று தவிப்பவர்கள் முதலில் எதையும் புதிதாக வாங்காதீர்கள். இரண்டு இ.எஸ்.சி.க்கும் தனித்தனியாக த்ராட்டில் கேலிப்ரேஷன் (ரிமோட்டின் த்ராட்டில் எல்லைகளை இ.எஸ்.சி.க்குப் பதிய வைப்பது) செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், ஒரு மோட்டார் முந்திக் கிளம்புவது பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். அப்புறமும் இழுத்தால் பேட்டரிகளை இடம் மாற்றுங்கள். இழுப்பு பக்கம் மாறினால் பேட்டரி. மாறவில்லையா, இ.எஸ்.சி.களை மாற்றுங்கள், பிறகு மோட்டார்களை. ஒரு தடவைக்கு ஒன்றுதான். மோட்டாரை இடம் மாற்றும்போது சுற்றும் திசையை ஒயரில் சரிபார்த்துக்கொள்ளுங்கள், அதை விட்டுவிட்டு ஷாஃப்ட்டைப் பிரித்துக்கொண்டு என்னிடம் வராதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் இரண்டு மோட்டாரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று வெதுவெதுப்பாக, இன்னொன்று கை வைக்க முடியாத சூட்டில் இருந்தால், கோளாறு அந்தச் சூடான பக்கத்தில் எங்கோ இருக்கிறது, முதலில் கூலிங் குழாயில் பாசி அடைத்திருக்கிறதா என்று ஊதிப் பாருங்கள்.

பணத்துக்கு வருவோம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஆன்லைன் விற்பனைக்கான 2020 விதிகளின்படி கடைக்காரர், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் கிடைத்தது என்று ஒப்புதல் தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொருள் பழுதாகவோ விளம்பரத்தில் சொன்னதற்கு மாறாகவோ இருந்தால் திரும்ப எடுக்க மாட்டேன் என்று சொல்லவும் முடியாது. "வித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமும் இல்லை. புகார் போன மறுநாளே கடைக்காரருக்குப் போன் வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது, "பாதிப் பணம் வாங்கிக்கிட்டு முடிச்சுக்கலாம் சார்" என்கிறார். உரித்த ஸ்டிக்கர் படத்தை அனுப்பிவிட்டு முழுப் பணம் என்று சொல்லியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.

பணம் வந்தால் இந்தப் படகு போய்விடும், அடுத்ததை அண்ணன் பட்டறையிலேயே கட்டுவதாக உத்தேசம். யாரிடமாவது 4 மி.மீ. இடது முறுக்கு ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் உபரியாகக் கிடந்தால் சொல்லுங்கள், விலைக்கே வாங்கிக்கொள்கிறேன்.