பகவதியா, இசக்கியா, வள்ளியா, உமையா: அடுக்களை வாசலில் நின்று கூப்பிட்டுப் பார்த்தது

அண்ணன் மகளுக்கு இன்றோடு இருபது நாள். இருபத்தெட்டு அன்று அரைஞாண் கெட்டி, காதில் பேர் விளிக்க வேண்டும். மைனியின், அதாவது அண்ணியின், தங்கச்சி ஃபோனில் அனுப்பிய பட்டியலில் எல்லாப் பேரும் 'ஷிகா' என்றுதான் முடிந்தது. "பழைய பேரா ஒண்ணு பாரு, கூப்பிடவும் சுருக்கமா இருக்கணும்" என்று அண்ணன் வேலையை என் தலையில் கட்டிவிட்டான்.

பழைய பேரைத் தேடுவது லேசு. அதை ஊர் எப்படி வெட்டும் என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பதுதான் பாடு. அதனால் நாலு பேரை எடுத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்று, விளையின், அதாவது தோப்பின், கடைசித் தென்னை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போனாள்.

முதலில் பகவதி. மைனி மண்டைக்காட்டு அம்மன் கோவிலில் நேர்ந்துகொண்ட பேர். உரக்கக் கூப்பிட்டால் நடுவில் 'க' விழுந்து 'பவதீ' என்றுதான் காற்றில் போகிறது. பள்ளிக்கூடத்தில் 'பவி' ஆகிவிடும். இந்தக் காலத்துக்கும் பொருந்துகிற சுருக்கம். ஆனால் நம் கன்னியாகுமரிப் பக்கத்தில் பகவதி ஆணுக்கும் உண்டு. வகுப்பில் ஒரு பகவதிப் பெருமாள் இருந்தால் வருகைப் பதிவேட்டில் இரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள். எங்கள் அம்மைக்கு வேறு குறை. "கலியாணம் நின்னுபோன அம்மனுக்க பேருல்லா?" என்கிறாள். கன்னியாகுமரி பகவதியைக் கட்ட சுசீந்திரத்திலிருந்து மாப்பிள்ளை சிவன் கிளம்பி வரும் வழியில் நாரதர் சேவலாகக் கூவ, விடிந்துவிட்டது என்று அவர் திரும்பிப் போக, சமைக்க வைத்த அரிசியெல்லாம் கன்னியாகுமரிக் கடற்கரையில் மணலாகிப்போன கதை. கல்யாணம் நின்றதால்தானே கன்னி, கன்னியால்தானே ஜில்லாவுக்கே பேர் என்றேன். அம்மை காதில் வாங்கவில்லை.

அந்தக் கணக்கில் பார்த்தால் வள்ளியம்மைக்கு முழு மார்க். வேளிமலையில் வள்ளியை முருகன் கைப்பிடித்தார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அங்குள்ள குமாரகோவிலில் பங்குனியில் திருக்கல்யாணம் நடக்கும். பெண்ணைக் கொண்டுபோனவனோடு குறவர்கள் மல்லுக்கு நிற்கிற படுகளமும் அதோடு சேர்ந்தது. வீட்டுக்குத் தெரியாமல் போன பெண்ணின் பேர் என்பதை அம்மையிடம் நான் எடுத்துச் சொல்லவில்லை. கூப்பிடும் சோதனையில் 'வள்ளீ' முதலிடம். தென்னை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. சுருக்கித் தேய்க்க இதில் ஒன்றும் மிச்சமில்லை, மிஞ்சிப்போனால் 'வள்ளு'.

சிக்கல் வேறு இடத்தில். அது எங்கள் அம்மையின் பேர். அப்பாவின் அம்மை பேரைப் பேத்திக்கு வைப்பது வழக்கம்தான். ஆனால் மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது என்பதும் அதே வழக்கத்தில் வருகிறது. நாளைக்குப் பிள்ளை சோற்றைத் தட்டிவிட்டால் மைனி "எட்டி வள்ளி!" என்று கத்த முடியுமா? திண்ணையில் அசல் வள்ளி வெற்றிலை இடித்துக்கொண்டிருப்பாள். பழைய வீடுகளில் குட்டி, பாப்பா, தங்கம், அம்மை என்று வீட்டுப் பேர்கள் பெருகியதற்குப் பாதிக் காரணம் இதுதான். செல்லத்துக்காக வந்தது கொஞ்சம், மாமியாருக்குப் பயந்து வந்தது மீதி.

இசக்கியம்மை எங்கள் ஆச்சியின் பேர். எனக்கு ரொம்பப் பிடித்தது. யட்சி இயக்கியாகி, இயக்கி இசக்கியாகி வந்த சொல். சிதறால் மலையில் சமணப் பாறைச் சிற்பங்களுக்கு நடுவே நிற்கிற யட்சியும், முப்பந்தலில் காற்றாலைகளுக்குக் கீழே நாலுவழிப்பாதை லாரிகளை நிறுத்திக் கும்பிட வைக்கிற அம்மனும் பேரளவில் ஒரே குடும்பம். 'இசை' என்று சுருக்கினால் சென்னையில்கூடப் புதுப் பேர் என்று நினைப்பார்கள். ஆனால் சுருக்குவது நாம் இல்லையே. என்னோடு படித்த ஒரு இசக்கியைப் பிள்ளைகள் 'சக்கி' ஆக்கி, ஒரே வாரத்தில் 'சக்கை' ஆக்கிவிட்டார்கள். பலாப்பழத்துக்கு நம்மூரில் சக்கை என்று பேர் இருக்கும்வரை இதற்குத் தப்பு வழி இல்லை. எழுத்துத் தொல்லையும் உண்டு: ஆங்கிலத்தில் ஐ-யில் தொடங்குவதா, ஈ-யில் தொடங்குவதா? ஆளுக்கு ஒரு விதம். ஆதாரில் ஒன்று, மார்க் ஷீட்டில் இன்னொன்று என்று அலைந்தவர்களைக் கேட்டால் தெரியும். திருவனந்தபுரத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தால் அங்கே யட்சி என்றதும் பனைமரத்துப் பேயைத்தான் நினைப்பார்கள்.

உமையம்மை நான் சேர்த்தது. 1677 முதல் 1684 வரை பின்னாளில் திருவிதாங்கூர் ஆன வேணாட்டின் ஆட்சியைக் கையில் வைத்திருந்த ராணியின் பேர். 'உமா' என்று சுருக்கினால் ஒரு ஆபீஸில் நாலு இருக்கும். 'உமை' என்று நிறுத்தினால் அழகு. ஆனால் விளைக்குக் கூப்பிடும்போது 'ஐ' நீளாது, 'உமீ' என்றுதான் போகிறது. உமி! அடுத்த நாளே எவனாவது 'உமிக்கரி' என்பான். பல் தேய்க்கும் பொடியா, பலாப்பழமா என்றால், சக்கையாவது இனிக்கும்.

பட்டியலில் இல்லாத ஒரு பேரும் மனதில் ஓடியது: ஞானப்பூ. கிறிஸ்தவராக மாறி அதற்காக உயிர்விட்ட தேவசகாயம் பிள்ளையின் மனைவி ஞானஸ்நானத்தில் பெற்ற பேர், தெரேசாவின் தமிழ். 2022 மே 15-ல் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோதுதான் அந்தப் பேர் என் காதில் விழுந்தது. ஞானம், பூவு என்று எப்படி வெட்டினாலும் கெடாத பேர். எங்கள் வீட்டில் வைக்க மாட்டார்கள், அது வேறு.

ஜோசியர் பிள்ளையின் கார்த்திகை நட்சத்திரத்துக்கு அ, இ, உ, எ என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்படிப் பார்த்தால் பகவதியும் வள்ளியும் வெளியே. அந்த எழுத்தில் ஜாதகத்துக்கு ஒரு பேர் போட்டுவிட்டு, கூப்பிட வேறு வைத்துக்கொள்ளலாம் என்று அவரே வழியும் சொன்னார். சர்ட்டிபிகேட்டுக்கும் அவசரம் இல்லை. பேர் இல்லாமல் பிறப்பைப் பதிந்து, ஒரு வருசத்துக்குள் கட்டணமில்லாமல் பேரைச் சேர்க்கலாம். தாமதக் கட்டணம் கட்டினால் பதினைந்து வருசம் வரைக்கும் போகும்.

என் ஓட்டு இசக்கியம்மைக்குத்தான், சக்கையோடு சேர்த்தே. மைனி இன்னும் பவியை விடவில்லை.

இன்று காலை அம்மை காலை நீட்டி உட்கார்ந்து பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாலு பேரையும் சொல்லி, எது வேணும் என்று கேட்டேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. "எட்டி அம்மை, கையை விடு மக்ளே, தண்ணி ஆறுது" என்றாள், மடியில் கிடந்தவளிடம்.