தொண்டை வழி எக்கோவா, தொடை வழி எக்கோவா?

"எக்கோ ஏற்கெனவே எடுத்தாச்சே, மறுபடியும் எதுக்கு?" சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையிலும் இதய வார்டு வாசலில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. எக்கோ என்பது ஒலி அலையால் இதயத்தைப் படம் பிடிப்பது. முதலில் எடுத்தது நோயைக் கண்டுபிடிக்க. ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குச் சிகிச்சை செய்யும் கேத் லேப் மேசையில் எடுப்பது டாக்டரின் கைக்கு வழிகாட்ட. எக்ஸ்ரே திரையில் ஊசியும் கம்பியும் தெரியும். இதயத்தின் சுவரும் வால்வும் தெரியாது. அவற்றைக் காட்ட மூன்று வழிகள்: மார்பின் மேல் வைக்கும் சாதா எக்கோ, உணவுக்குழாயில் இறக்கும் டி.இ.இ., தொடை ரத்தக்குழாய் வழியாக இதயத்துக்குள்ளேயே போகும் ஐஸ் (ICE).

சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு (இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே உள்ளது) சுருங்கியவருக்கு அதைப் பலூனால் விரிக்கும்போது சாதா எக்கோவே போதும். உயரத்தை செ.மீ.யில் எடுத்துப் பத்தால் வகுத்துப் பத்தைக் கூட்டினால் பலூனின் அளவு மி.மீ.யில் கிடைக்கும், 160 செ.மீ. உள்ளவருக்கு 26. எடுத்த எடுப்பிலேயே அந்த அளவுக்கு ஊதுவதில்லை. குறைவாக ஊதி, எக்கோவில் வால்வு வழியே ரத்தம் பின்னோக்கிக் கசிகிறதா என்று பார்த்து, பிறகுதான் ஏற்றுவார்கள். கசிவு கூடினால் அதோடு நிறுத்திவிட வேண்டும். ஆனால் முன்கூட்டியே ஒரு டி.இ.இ. அவசியம். இடது மேலறையின் காதுமடல் போன்ற பையில் ரத்தக்கட்டி இருந்தால் சாதா எக்கோ அதைத் தவறவிடும். கம்பி பட்டு அது மூளைக்குப் போனால் பக்கவாதம். ஒரு நாள் மிச்சமாகும் என்று இதை விடுவது தப்புக்கணக்கு.

மேலறைகளுக்கு நடுவே உள்ள ஓட்டையை டிவைஸ் (அடைப்புச் சாதனம்) வைத்து அடைப்பதில்தான் டி.இ.இ.க்கும் ஐஸுக்கும் உண்மையான போட்டி. டிவைஸ் பற்றி நிற்க ஓட்டையைச் சுற்றி 5 மி.மீ. விளிம்பாவது வேண்டும். மகாதமனிப் பக்கம் குறைந்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம். கீழே, பெருஞ்சிரை வந்து சேரும் பக்கம் விளிம்பு இல்லையென்றால் டிவைஸ் நழுவி ஓடும். டி.இ.இ. சரியாகக் காட்டத் தடுமாறுவது அதே கீழ்விளிம்பைத்தான். வலது மேலறைக்குள் நின்று பார்க்கும் ஐஸுக்கு அது எளிது. பெரியவர்களுக்கு இந்த ஒரு வேலைக்கு எங்கள் ஓட்டு ஐஸுக்கு. சின்னக் குழந்தை என்றால் யோசிக்க வேண்டும்: 8 பிரெஞ்ச் (குழாய்த் தடிமனின் அளவு) ஐஸ் குழாயே 2.7 மி.மீ. தடிமன்.

மைட்ரல் வால்வு சிகிச்சைக்காக வலது மேலறையிலிருந்து இடது மேலறைக்குப் போக, நடுச்சுவரை ஊசியால் துளைக்கும் நொடியைக் கவனியுங்கள். ஊசி அழுத்தியதும் சுவர் கூடாரத்துணி போல இடப்பக்கம் கூம்பி நிற்கும். அந்தக் கூம்பு எக்கோவில் சரியான இடத்தில் தெரிந்த பிறகே குத்த வேண்டும். முன்னால் தள்ளிப்போனால் மகாதமனி. ரொம்பப் பின்னால் போனால் இதயச் சுவரே கிழிந்து, இதயத்தை மூடியிருக்கும் உறைக்குள் ரத்தம் தேங்கும். கசியும் மைட்ரல் வால்வுக்கு கிளிப் போட, துளை வால்வு மட்டத்திலிருந்து 4 முதல் 4.5 செ.மீ. உயரத்தில் அமைய வேண்டும். முப்பரிமாண ஐஸ் வந்துவிட்டாலும் இதற்கு டி.இ.இ.தான் கைகொடுக்கும்.

டி.இ.இ.க்கு 6 மணி நேரம் வெறும் வயிறு. பொய்ப்பல்லைக் கழற்ற வேண்டும். விழுங்கச் சிரமமோ கல்லீரல் நோயோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உணவுக்குழாய் கிழிவது அபூர்வம்தான், ஆனால் நடந்தால் பெரிய ஆபத்து. நீண்ட சிகிச்சை என்றால் முழு மயக்கம் தேவை, மயக்க மருந்து டாக்டர் கிடைக்கும் நாளாகத் தேதியும் அமைய வேண்டும். ஐஸில் நோயாளி விழித்தே இருப்பார், தொடையில் மரத்துப்போகும் ஊசி மட்டும். அங்கே கூடுதலாக ஒரு துளை, ரத்தம் கட்டும் வாய்ப்பு, சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்கை. குழாய் ஒருமுறைப் பயன்பாட்டுக்கானது, விலையும் அதிகம். சுத்திகரித்து மறுபடி போட்டால் படம் மங்கலாம், முனை சொன்னபடி வளையாமலும் போகலாம்.

தண்டையார்பேட்டையிலிருந்தோ எண்ணூரிலிருந்தோ முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு வருபவர்கள் தேதி வாங்கும்போதே இரண்டைக் கேட்டுவிடுங்கள்: ஐஸ் குழாயின் செலவு அனுமதித் தொகைக்குள் வருகிறதா, புதுக் குழாயா?